கட்டி கீமோவுக்குக் கேட்குமா?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தசை வரை இறங்கிவிட்டால், உடம்பு தாங்கும் என்றால் முதலில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ, அப்புறம் பையையே எடுக்கும் அறுவை சிகிச்சை என்பது நெடுநாளாக இருக்கும் வழி. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கீமோவுக்குப் பிறகு அறுவைக்குப் போனவர்களில் 38 சதவீதம் பேரின் பையில் புற்று மிச்சமே இல்லை. நேராக அறுவைக்குப் போனவர்களில் அது 15 சதவீதம். சரி, மற்றவர்கள்? சிலருக்குக் கட்டி சுருங்கும். சிலருக்குச் சிறுநீரகம், காது, நரம்பு எல்லாம் அடிவாங்கியதுதான் மிச்சம், அறுவையும் சில மாதம் தள்ளிப்போயிருக்கும். அவர்கள் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சிஸ்பிளாட்டின் டிஎன்ஏ இழைகளில் முடிச்சுப் போடுகிறது. செல் அதை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சரிசெய்யப் பார்க்கும், அதற்குத் தேவையான புரதங்களில் ஒன்று ஈஆர்சிசி2 என்ற மரபணுவிலிருந்து வருகிறது. அந்த மரபணு பழுதாகிவிட்ட கட்டிக்கு இந்த ரிப்பேர் வேலை சரியாக வராது, அதனால் மருந்துக்குச் சீக்கிரம் மடங்கும். 2014-இல் 50 பேரின் கட்டிகளை ஆராய்ந்தார்கள். கீமோ நன்றாகக் கேட்ட 25 பேரில் 9 பேருக்கு ஈஆர்சிசி2 பிறழ்வு, அதாவது அந்த மரபணுவில் பழுது, இருந்தது, கேட்காத 25 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. அடுத்த ஆண்டே ஏடிஎம், ஆர்பி1, எஃப்ஏஎன்சிசி ஆகிய மரபணுக்களும், பிறழ்வு இருந்தால் கீமோ நன்றாகக் கேட்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்ந்தன.

எல்லோரும் அந்த 9 பேரைப் பற்றியே பேசுகிறார்கள், என் கண் போவது மீதி 16 பேர் மேல். பிறழ்வு இல்லாமலே அவர்களுக்கு மருந்து கேட்டிருக்கிறது. அதனால் கட்டியின் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'பிறழ்வு இல்லை' என்று வந்தால், கீமோ வீண் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது, இதை நான் அழுத்தியே சொல்வேன்.

பிறழ்வு இருந்தால் பையை எடுக்காமலே விட்டுவிடலாமா? இந்த மரபணுக்களில் பிறழ்வு இருந்து, கீமோவுக்குப் பிறகு கட்டியும் கண்ணில் படாதவர்களை அறுவை இல்லாமல் கண்காணித்துப் பார்த்த ஆய்வு உண்டு. அது முன்பே குறித்திருந்த இலக்கை எட்டவில்லை. கண்காணிப்பில் இருந்த பலருக்குக் கட்டி திரும்பவும் வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சும் செல்களை மரபணுப் பரிசோதனை காட்டிக்கொடுக்காது.

இன்னொன்று, பலரும் குழப்பிக்கொள்வது: இங்கே தேடுவது பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் உண்டான பிறழ்வு, பெற்றோர் வழியில் வந்தது இல்லை. பரம்பரைக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனை இதற்குப் பதிலாகாது. கீமோவுக்கு முன்பு சுரண்டி எடுத்த கட்டித் திசு ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறதா, அதில் இந்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.