வேலியோரம் நின்ற இரும்பு

நாங்கள் தூக்கப் போன கதிரடிக்கும் இயந்திரத்தின் ஒரு சக்கரத்துக்குள் மரம் வளர்ந்திருந்தது. ஆரக்கால்களுக்கு நடுவே கன்றாக நுழைந்தது, தொடை அளவுக்குப் பருத்து, இரும்பைத் தன் பட்டைக்குள் விழுங்கியிருந்தது. மரத்தை வெட்டுவதா, சக்கரத்தை வெட்டுவதா என்று உரிமையாளரிடம் கேட்டேன். "மரம் இருக்கட்டும் தம்பி" என்றார். இரண்டு ஆரக்கால்களை மரத்துக்குள்ளேயே விட்டுவிட்டு மற்றதை அறுத்து எடுத்தோம்.

பழைய விவசாயக் கருவிகளைப் பழைய இரும்புக் கிடங்கில் சேர்ப்பது என் வேலை. கலப்பை, பலுகு, விதைப்புக் கருவி, மருந்து தெளிப்பான், ஓடாத டிராக்டர் எல்லாம் வரும். லாரியில் ஏற்றுவதுதான் பெரிய பாடு என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்றுவது கடைசி ஒரு மணி நேர வேலை. சங்கிலிக் கப்பி, கடப்பாரை, இரண்டு உருளைக் குழாய்கள், அவசரப்படாத நான்கு பேர் இருந்தால் எதுவும் நகரும். பாடெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது.

முதலில் வடிக்க வேண்டும். என்ஜின் எண்ணெய், கியர்பெட்டி எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய், ரேடியேட்டர் நீர். ஒவ்வொன்றுக்கும் தனிக் கலன். ஒரு சொட்டும் அந்த மண்ணில் விழக்கூடாது. நாளைக்கு அங்கே யாரோ விதைக்கப் போகிறார்கள். பேட்டரியைச் சாய்க்காமல் எடுக்க வேண்டும், உள்ளே அமிலமும் ஈயமும் இருக்கின்றன. டிராக்டரின் பின் டயர்களை மறக்கவே கூடாது. பிடிமானத்துக்காக அவற்றில் நீர் நிரப்பியிருப்பார்கள். அது தெரியாமல் கழற்றினால், இருவர் உருட்டலாம் என்று நினைத்த சக்கரம் ஆள் மேல் சாயும். மருந்து தெளிப்பான் வந்தால் கையுறை இல்லாமல் தொட விடமாட்டேன். எத்தனை ஆண்டு கழிந்தாலும் அதன் அடியில் நஞ்சு காய்ந்து ஒட்டியிருக்கும்.

எனக்கு இன்றும் உடல் நடுங்கும் ஒரு நினைவு உண்டு. எங்களோடு புதிதாகச் சேர்ந்த பையன், டீசல் தொட்டியைத் தட்டிப் பார்த்து, "காலிதான் அண்ணா" என்று சொல்லிக்கொண்டே நெருப்பால் இரும்பை அறுக்கும் கேஸ் கட்டரைப் பற்றவைத்தான். ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தேன். நிறைந்த தொட்டியைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள். காலித் தொட்டிதான் கொல்லும். சுவரில் படிந்திருக்கும் டீசல், நெருப்பின் சூட்டில் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றோடு கலந்து வெடிக்கும். அன்றிலிருந்து வயலில் நாங்கள் தொட்டியை அறுப்பதில்லை. போல்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து வைத்து, முழுதாகவே கொண்டுபோய்த் தனியாக ஒப்படைக்கிறோம். மூடிய ஹைட்ராலிக் உருளைக்கும் இதே விதிதான். அடைபட்ட எதையும் சூடாக்கக் கூடாது. அந்தப் பையன் இப்போது மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறான், என்னைவிடக் கண்டிப்பாக.

பிறகு பிரிப்பது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், அந்தக் குவியலில் மட்டமான பொருளுக்கு என்ன விலையோ அதுதான் முழுச் சுமைக்கும் கிடைக்கும். காந்தம் ஒட்டாத செம்பு, பித்தளை, அலுமினியம் தனியே போக வேண்டும். வார்ப்பிரும்பும் எஃகும் காந்தத்தில் ஒன்றுபோல் ஒட்டும். அவற்றைக் காதால் பிரிக்கிறோம். சுத்தியலால் தட்டினால் எஃகு மணிபோல் ஒலிக்கும், வார்ப்பிரும்பு மந்தமாக 'தட்' என்று நின்றுவிடும். உருக்காலைக்குப் போகும் கனத்த எஃகு, பொதுவாக 6 மி.மீ. தடிமனுக்குக் குறையாமலும், 5 அடிக்கு 2 அடி அளவைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பார்கள். உலையின் வாய்க்குள் போக வேண்டுமல்லவா? அதனால்தான் அவ்வளவு அறுப்பு.

ஆனால் நான் இதை எழுதத் தொடங்கியது, அந்தக் கதிரடிக்கும் இயந்திரத்தின் பல்சக்கரப் பெட்டியைப் பற்றிச் சொல்வதற்காக. வெளியே தகடெல்லாம் விரலால் குத்தினால் உதிர்ந்தது. சல்லடை காகிதமாகியிருந்தது. பேரிங்குகள் ஒரே துருக் கட்டி. பெட்டியின் மூடியைக் கழற்றியபோது, எண்ணெய்க்குள் மூழ்கியிருந்த பல்சக்கரங்கள் நேற்று வாங்கியவைபோல் மின்னின. பற்களில் தேய்மானம்கூட அதிகம் இல்லை. நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் உரிமையாளரான அந்தப் பெரியவர் சொன்னார். இயந்திரத்தை நிறுத்திய மூன்றாம் ஆண்டில் ஒருவர் வந்து இந்தப் பெட்டியைக் கேட்டாராம். அவருடைய இயந்திரத்தில் அதுதான் உடைந்திருந்தது. "அடுத்த அறுவடைக்குள் சரிசெய்து ஓட்டிவிடலாம் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. அவரும் தன்னுடையதை இரும்புக்குப் போட்டுவிட்டார்."

ஒரு பெட்டி இடம் மாறியிருந்தால் ஓர் இயந்திரம் பிழைத்திருக்கும். மாறவில்லை, இரண்டும் போயின. இந்த வேலையில் என்னை உண்மையாகவே வருத்துவது இதுதான். கிடங்குக்குப் போவதில் எனக்குத் துக்கம் இல்லை. இரும்பு உருகி மீண்டும் இரும்பாகும், அது நல்ல வழிதான். வேலியோரம் கிடக்கும் ஆண்டுகளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மேல்துரு பெரிய கெடுதல் செய்யாது, தேய்த்தால் போய்விடும். மழைநீர் பேரிங்குக்குள் இறங்கி, என்ஜின் உருளையின் சுவரைக் கடித்து, பிஸ்டனை இறுக்கிவிடும்போதுதான் கருவி சாகிறது. அதற்குச் சில மழைக்காலங்கள் போதும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கைப்பிடியில் அவர்கள் விரல் பதிந்த பளபளப்பைப் பார்த்திருக்கிறேன், ஒரே இடத்தில் நான்கு முறை வெல்டிங் வைத்த தழும்பையும் பார்த்திருக்கிறேன். அன்பால்தான் வைத்துக்கொள்கிறார்கள். அந்த அன்பே கருவியைக் கொல்கிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இப்போதெல்லாம் அழைப்பு வந்தால், கட்டரை லாரியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு ஒருமுறை சுற்றி வருகிறேன். எது சுழல்கிறது, எது மூடிய பெட்டிக்குள் எண்ணெயோடு இருக்கிறது, எந்தக் கலப்பைக் கொழு இன்னும் தேயவில்லை என்று பார்த்து, சுண்ணக்கட்டியால் குறியிடுகிறேன். குறியிட்டதை அறுப்பதில்லை. இதனால் ஒரு நாள் கூடுதலாக ஆகிறது. எடைமேடைச் சீட்டில் எடை குறைகிறது. கூட இருப்பவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள்.

பெரியவரிடம் கிளம்பும்போது அந்தப் பல்சக்கரப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். சாக்கு மூடிய ஒரு விதைப்புக் கருவி நின்றது, நிறுத்தி இரண்டு ஆண்டுதான் ஆகிறதாம். சக்கரத்தைக் கையால் தள்ளினேன், சுழன்றது. "இது யாருக்காவது தேவைப்படுமா, விசாரித்துச் சொல்லுங்கள்" என்றார். அடுத்த வாரம் அதை ஏற்ற வந்தோம். கட்டர் கொண்டு வரவில்லை. நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு, சங்கிலி உரசும் இடங்களில் பழைய டயர்த் துண்டுகளை வைத்துக் கட்டினோம்.