‘அடுத்த வாரம் வரேங்க’

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், சென்னையில் ‘மாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவு. ‘அடுத்த வாரம் வரேங்க’ என்பதுதான் பதில். இதை அறியாமை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு போஸ்டர் ஒட்டுவது சுகாதாரப் பணியில் இருக்கும் நம் வழக்கம். வரேன் என்று சொன்னவருக்கு எதற்குப் போஸ்டர்?

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ன்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 1.9. முன்னே நிற்கிறோம் என்று பெருமைப்படலாம்தான். பத்துக்கு ஒன்பது பேர் வரவில்லை என்பதும் அதே கணக்குதான். பலன் உண்டா என்ற சந்தேகத்துக்குத் திண்டுக்கல் மாவட்டமே பதில் சொல்லிவிட்டது. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்த குழுவில் இந்தப் புற்றுநோய் இறப்புகள் 35 சதவீதம் குறைந்தன என்று 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வெளியானது.

பிறகு ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? கூச்சம், பயம், அரைநாள் கூலி இழப்பு எல்லாம் இன்றைக்கே. பலன் பத்து வருஷம் கழித்து. கையில் இருக்கும் இன்றைக்கு மனம் கூடுதல் எடை கொடுக்கும். மனிதர்கள் நிஜத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் நடத்தைப் பொருளாதாரம் தொடங்குவது இந்த இடத்தில்தான். சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பஸ் செலவு பெரிய தடையில்லை. பெரிய தடை, நேரம்தான்.

‘வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுவதை முதலில் விட்டுவிடலாம். ‘உங்களுக்கு வியாழன் காலை 11.20-க்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம், வேறு நேரம் வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இப்படிச் செய்து பார்த்தார்கள். ‘வீட்டிலேயே செய்துகொள்ளும் மலப் பரிசோதனை கிட் வேண்டுமென்றால் கேளுங்கள்’ என்ற கடிதம் பெற்றவர்களில் 9.6 சதவீதம் பேர் பரிசோதனையை முடித்தார்கள். ‘வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அனுப்பிவிடுவோம்’ என்ற கடிதத்துக்கு 29.1. பரிசோதனை ஒன்றேதான், கேட்ட விதம்தான் வேறு.

அந்த 11.20-ஐத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை ஒன்பது மணி எதற்கும் ஆகாது. இரண்டு வீடு முடித்து மூச்சு விடும் நேரம் பதினொன்றுக்கு மேல்தான். புதன்கிழமை தடுப்பூசி நாள், சுகாதார நிலையம் குழந்தைகளால் நிரம்பியிருக்கும், அங்கே தனிமை கிடைக்காது. வெள்ளி 10.30 முதல் 12 வரை ராகு காலம். உங்களுக்கு நம்பிக்கை இல்லாமலிருக்கலாம். அட்டவணை உங்களுக்காகப் போடுவதில்லையே.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: ஒதுக்கிய நாளில் மாதவிலக்கு வந்துவிடுவது. நேரம் கொடுக்கும்போதே கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய தேதியைக் கேட்டு, அதிலிருந்து பத்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் இடையில் நாள் குறியுங்கள். சீட்டில் மாற்றுத் தேதி ஒன்றும் இருக்கட்டும். முந்தைய நாள் தாம்பத்திய உறவு வேண்டாம், உறுப்பில் வைக்கும் மாத்திரை வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். வந்தபின் சொல்லித் திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவது சந்தேகம்.

தேதியையும் நேரத்தையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் ஃப்ளூ தடுப்பூசிக்கு இதைச் செய்தபோது போட்டுக்கொண்டவர்கள் 33 சதவீதத்திலிருந்து 37 ஆனார்கள் (2011-ல் வெளியான ஆய்வு). சின்ன ஏற்றம்தான், ஆனால் செலவு ஒரு பேனா. எந்த பஸ், பிள்ளையை யார் பார்ப்பார், கூட வரும் பக்கத்து வீட்டு அக்கா யார் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட்டால் வருகை உறுதியாகும். மகளிர் குழுவில் இருவர் இருவராக ஜோடி சேர்ப்பது சுலபம்.

செய்தி அனுப்புவதில் இரண்டு பொறி. ‘பத்தில் ஒன்பது பேர் செய்துகொள்ளவில்லை’ என்று அனுப்பினால், ‘ஊரே போகலை, நான் மட்டும் எதுக்கு’ என்றுதான் காதில் விழும். உங்கள் தெருவில் இத்தனை பேர் வந்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள், அதுவும் எண்ணிக்கை உண்மையாக இருந்தால் மட்டும். இன்னொன்று, பதிவேட்டில் இருக்கும் நம்பர் பல சமயம் கணவருடையது அல்லது மகனுடையது. கர்ப்பப்பை என்ற சொல்லோடு அந்த போனுக்கு எஸ்எம்எஸ் போனால் காரியம் கெட்டது. தெரிந்த செவிலியர் தன் பெயர் சொல்லி, அந்தப் பெண்ணிடமே பேசுவது மேல்.

பரிசு கொடுக்கலாமா என்று கேட்பார்கள். ராஜஸ்தானின் உதய்பூர் கிராமங்களில் தடுப்பூசி முகாம் மட்டும் நடத்தியபோது முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 18 சதவீதம். முகாமோடு ஒரு கிலோ பருப்பும், முடித்தபின் தட்டு செட்டும் கொடுத்தபோது 39. ஆகவே வேலை செய்யும். ஆனால் பரிசோதனை நாளிலேயே பரிசை முடித்துவிடாதீர்கள். அமிலம் தடவி ஒரு நிமிடத்தில் வெண்திட்டு தெரிந்தால் அடுத்த கட்டம் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது, அதற்குப் பெரிய மருத்துவமனை. ஆட்கள் நழுவுவது அந்த இடைவெளியில்தான், ஏனென்றால் அப்போது பயம் இரட்டிப்பு. பருப்போ புடவையோ, அந்த இரண்டாவது வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாமல், தேதி, அறை எண், கூட வரும் செவிலியர் பெயர் மூன்றையும் அதன் மேலேயே எழுதுங்கள். மறுநாள் காலை போன் பட்டியலில் முதல் பெயர்கள் வெண்திட்டு தெரிந்த இவர்களுடையதாக இருக்கட்டும், இன்னும் வராதவர்கள் அதற்குப் பிறகு.