‘டயர்டா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் போதாது

அசதி, அலுப்பு, சோர்வு, ஓய்ச்சல், தூக்கக் கலக்கம், தெம்பின்மை. நம் மொழியில் இதற்குச் சொற்கள் நிறையவே உண்டு. ஆனால் மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துபோய், “ரொம்ப டயர்டா இருக்கு டாக்டர்” என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடிவது மிகக் குறைவு. ஒரு சத்து மாத்திரை எழுதித் தருவார். மூன்று மாதம் கழித்தும் அசதி அப்படியே இருக்கும்.

காரணம் தேடும் முன் அசதியைப் பிரித்துப் பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி நெஞ்சு படபடக்கிறதா? தலை வாரக் கையைத் தூக்கினால், தரையிலிருந்து எழுந்தால், தசையே ஒத்துழைக்க மறுக்கிறதா? அல்லது உடம்பில் தெம்பு இருந்தும் எதிலும் மனம் ஒட்டவில்லையா? நான்கையும் ‘டயர்டு’ என்றுதான் சொல்கிறோம், ஆனால் ஒவ்வொன்றும் வேறு திசையைக் காட்டுகிறது. முதலாவது பெரும்பாலும் தூக்கத்தைச் சேர்ந்தது. இரண்டாவது இரத்தம், இதயம், நுரையீரல். மூன்றாவது தசை, நரம்பு, தைராய்டு, உப்புச் சத்துக்கள். நான்காவது மனம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வேலை இல்லாத ஒரு பிற்பகலில், அமைதியான அறையில், போன் இல்லாமல் படுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டால் உடம்பு தூக்கத்தைக் கேட்கிறது. விழித்தபடியே, எழவும் தெம்பில்லாமல் கிடந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை மட்டும் காட்டும்.

தூக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. ஆறு மணி நேரம் தூங்கிப் பழகிவிட்டேன் என்பவர்கள் விடுமுறை நாளில் அலாரம் வைக்காமல் எப்போது எழுகிறார்கள் என்று கவனிக்கட்டும். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் வாரம் முழுக்கக் கடன் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மாலைக் காபிக்கும் இதில் பங்குண்டு. உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். தூக்கம் வந்தாலும் ஆழம் குறையும், அந்த அசதிக்கு மறுநாள் இன்னொரு காபி தேவைப்படும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும்.

எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் அடித்துப் போட்டதுபோல் எழுகிறவர்கள்தான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் ஆப்னியா’ இதற்கு மிகப் பொதுவான காரணம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை மூடிக்கொள்ளும். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். ஆக்சிஜன் குறைவதைக் கண்டு மூளை தூக்கத்தைக் கலைத்து மூச்சை மீட்கும். இது மணிக்கு 5 முறை நடந்தாலே கணக்கில் வரும், 30 முறையைத் தாண்டினால் தீவிரம். தூங்குகிறவருக்கு இதில் ஒன்றும் நினைவிருக்காது. அதனால் பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்: குறட்டை திடீரென்று நின்று, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா? காலையில் வாய் வறட்சி, தலைவலி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, மாத்திரைக்கும் அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை சேர்ந்த அறிகுறிகள். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் ஒல்லியானவர்களுக்கும் வரும். குறட்டையே இல்லாமலும் வரலாம், பெண்களிடம் இது தவறவிடப்படுவதற்கு அது ஒரு காரணம்.

பகல் தூக்கத்தை அளக்க 1991இல் மர்ரி ஜான்ஸ் என்ற மருத்துவர் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, வாகனத்தில் பயணியாகப் போகும்போது என்று எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24இல் 10ஐத் தாண்டினால் தூக்கப் பரிசோதனைக்குப் போவது நல்லது. வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது என்றால் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம். காரணம் தெரியும்வரை ஓட்டுவதை நிறுத்துங்கள்.

அடுத்தது இரும்புச் சத்து. இதில் நடக்கும் தவறுகள் ஏராளம் என்பதால் கொஞ்சம் நீட்டித்தே சொல்கிறேன். “ஹீமோகுளோபின் நார்மல், அதனால் இரும்புக் குறை இல்லை” என்பது முதல் தவறு. உடம்பு முதலில் சேமிப்பிலிருந்து இரும்பை எடுத்துச் செலவழிக்கும். சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். வளர்ந்தவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைமுறையில் பல மருத்துவர்கள் 30க்குக் கீழேயே குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஹீமோகுளோபின் 12.5, ஃபெரிட்டின் 9 என்று இருக்கும் பெண்ணிடம் “உங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்வது சரியல்ல. அவருடைய அசதிக்குக் காரணம் அங்கேயே இருக்கக்கூடும்.

ஃபெரிட்டினுக்கும் ஒரு பலவீனம் உண்டு. காய்ச்சல், மூட்டு அழற்சி, கல்லீரல் கொழுப்பு என்று உடம்பில் அழற்சி இருந்தால் அது தானாக உயரும். அப்போது 60 என்று வந்தாலும் சேமிப்பு காலியாக இருக்கலாம். எனவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. காய்ச்சல் வந்து போன அடுத்த வாரமே ஃபெரிட்டின் பார்க்க வேண்டாம்.

இரத்த எண்ணிக்கை அறிக்கையில் எம்.சி.வி. என்ற வரியையும் பாருங்கள். அது சிவப்பணுவின் சராசரி அளவு. இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, எம்.சி.வி. நார்மலாகத் தெரியும். அந்த நேரத்தில் அணுக்களின் அளவு வேறுபாட்டைச் சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. உயர்ந்திருக்கும். எம்.சி.வி. மிகக் குறைவாக இருந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா மரபுக்கூறு (ஹீமோகுளோபின் உருவாவதைக் குறைக்கும் பரம்பரைக் குறை) இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு மாத்திரையால் பயனில்லை, பல வருடம் விழுங்கினால் கெடுதலும் உண்டு.

மாத்திரை எடுக்கும் முறையில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குக் குடல் கதவைச் சாத்துகிறது. ஆகவே நாளுக்கு மூன்று மாத்திரை என்பதைவிட நாளுக்கு ஒன்று, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக பங்கு உறிஞ்சப்படும், வயிற்று எரிச்சலும் குறையும். எது உங்களுக்கு என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். வெறும் வயிற்றில் எடுப்பது சிறந்தது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, அமிலம் குறைக்கும் மருந்து இவற்றிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். வைட்டமின் சி மாத்திரையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் மாத்திரை சரியாக எடுக்கப்படவில்லை, அல்லது உறிஞ்சப்படவில்லை, அல்லது எங்கோ இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடுவதுதான் மிகப் பெரிய பிழை. சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வி மாத்திரையைவிட முக்கியம். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, பெரிய கட்டிகளாகப் போகிறதா? அதற்குச் சிகிச்சை செய்யாமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறை வந்தால் உணவைக் குறை சொல்லி விட்டுவிடக் கூடாது. இரைப்பையிலோ குடலிலோ கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குடல் புற்றுநோய் சிலருக்கு முதலில் இப்படித்தான் தெரிகிறது.

பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் கிடைக்கிறது. கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பு இருப்பதால் உணவு மாறி சில ஆண்டு கழித்தே குறை தெரியும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டபிரசோல் போன்றவற்றை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் குறையலாம். பாதத்தில் மதமதப்பு, நடக்கும்போது தள்ளாட்டம், மறதி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் இரத்தசோகை சரியானதுபோல் காட்டும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். உறிஞ்சும் திறன் போனவர்களுக்கும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை பெரும்பாலும் வேலை செய்யும். ஏறத்தாழ 1 சதவீதம் வேறு வழியில் உள்ளே போய்விடும், அதுவே போதுமானது. நரம்பு அறிகுறி இருப்பவர்களுக்கு ஊசியில் தொடங்குவார்கள்.

தைராய்டு எல்லோருக்கும் தெரிந்த காரணம் என்பதால் அதன் மேல் தேவைக்கு அதிகமாகவே பழி விழுகிறது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 5, 6 என்று லேசாக உயர்ந்து, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் சரியாக இருந்தால் அது அசதிக்குக் காரணமாக இல்லாமல் போகலாம். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முடி வளர பயோட்டின் என்ற வைட்டமினைச் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் இரண்டு நாளாவது நிறுத்த வேண்டும், அது முடிவைப் பொய்யாக்கும். தைராய்டு மாத்திரை தொடங்கியவர்கள் வெறும் வயிற்றில் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி.

சர்க்கரை நோய், சிறுநீரகம், கல்லீரல், கர்ப்பம் ஆகியவை முதல் சுற்றுப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் நிரப்பலாம், எலும்புக்கு நல்லது. அசதி முழுக்க அதனால்தான் என்று நம்பித் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

மருந்துகளை யாரும் சந்தேகிப்பதில்லை. சளிக்கு வாங்கும் மருந்தில் இருக்கும் குளோர்பெனிரமின், இரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால், புரோப்ரனலால், நரம்பு வலிக்கான பிரிகாபலின், காபாபென்டின், தலைவலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாமே தெம்பை உறிஞ்சக்கூடியவை. சிறுநீர் பெருக்கிகள் சோடியம், பொட்டாசியத்தைக் குறைத்துத் தசையைத் தளர்த்தும். அசதி தொடங்கிய தேதிக்கு முந்தைய சில வாரங்களில் எந்த மாத்திரை புதிதாக வந்தது, எதன் அளவு கூடியது என்று பாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். புரோப்ரனலால், பிரிகாபலின் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் ஆபத்து.

மனச்சோர்வு உடம்புச் சோர்வாகவே வெளிப்படும். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனம் கனத்திருந்ததா, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்ற இரண்டு கேள்விகள்தான் தொடக்கம். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்து, காலையில் மோசமாகவும் மாலையில் சற்றுத் தேவலையாகவும் இருப்பது இதன் ஒரு சாயல். இது சோம்பேறித்தனம் அல்ல, சிகிச்சைக்கு இணங்கும் நோய். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லி உதவி பெறுங்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்து தெம்பு இழந்தவர்களுக்கு நடைதான் மருந்து. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டினால் ஒன்றிரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரு கூட்டத்துக்கு இந்த அறிவுரை கேடாக முடியும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீளும் சோர்வில், ஒரு வேலை செய்த அன்று சமாளித்துவிட்டு மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுந்துவிடுவார்கள். தூங்கியும் தீராது. நாள்பட்ட களைப்பு நோயின் அடையாளம் இதுதான். படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சித் திட்டத்தை இவர்களுக்குத் தர வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. செலவழிக்க முடிந்த தெம்பு எவ்வளவு என்று அறிந்து, அதற்குள் வேலையைப் பங்கிடுவதே இவர்களுக்கான வழி.

முயற்சி இல்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீத எடை குறைந்தால், அதாவது 70 கிலோ உள்ளவருக்கு 3.5 கிலோ போனால், இரவில் உடை நனைய வியர்த்தால், விடாத காய்ச்சல், கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருந்தால் சத்து மாத்திரையில் நாள் கடத்தாதீர்கள். நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டுவது, இரும்பு மாத்திரை எடுக்காமலே தார் போன்ற கறுப்பு மலம் இவற்றுக்கு அன்றே போக வேண்டும்.

மற்றவர்கள் மருத்துவரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வாருங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், காபி குடித்த நேரம், அசதி உச்சத்தில் இருந்த நேரம், அதற்கு முந்தைய நாள் செய்த வேலை, மாதவிடாய் நாட்கள். முதல் சுற்றில் முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, டி.எஸ்.எச்., சர்க்கரைக்கு எச்.பி.ஏ1சி, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை, சி.ஆர்.பி. போதும். பழைய அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். போன வருடம் 14 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 12.2 என்றால், அறிக்கையில் சிவப்பு எழுத்து இல்லாவிட்டாலும் அதைக் காட்டிக் காரணம் கேளுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.