கார்பெட்டைப் பிய்ச்சப்புறம்

பழைய ஜீப்பு வச்சிருக்கவங்க ஒரு கட்டத்துல இந்தக் கேள்விக்கு வந்துதான் ஆகணும், உள்ள வெறும் தகரமா விடலாமா இல்ல லைனிங் போட்டு மூடலாமா. எனக்கு அது ஒரு மழைக்கு அப்புறம் வந்துச்சு. மழை நின்னு மூணு நாளாச்சு, கதவத் தொறந்தா இன்னும் ஈரச் சாக்கு வாடை, என்னதான்னு பாப்போம்னு கார்பெட் ஓரத்தப் புடிச்சு இழுத்தா அடியில இருந்த ஃபெல்ட்டைப் புழிஞ்சு எடுக்கலாம் போல அவ்ளோ தண்ணி. ஸ்க்ரூடிரைவர் முனைய வச்சு லேசா அழுத்துனேன், டிரைவர் கால் வைக்கிற எடத்துலயே நேரா உள்ள போயிடுச்சு, ஓட்டை வழியா தரை தெரியுது.

முன்னாடி வச்சிருந்தவரத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, பாவம் ஆசையாத்தான் ஒட்டியிருக்காரு, ஒரு இஞ்ச் விடாம பசை தடவி.

இந்த மாதிரி வண்டிங்கல்லாம் உள்ள தண்ணி வரும்னு தெரிஞ்சே செஞ்சது. ஜீப் ராங்லர் ஃப்ளோர்ல தண்ணி வடிய ஓட்டை வச்சு, அத மூட டிரெய்ன் பிளக்கே குடுத்திருப்பாங்க, கழட்டிட்டு ஹோஸ் புடிச்சா சேறெல்லாம் கீழ போயிடும். அதுக்கு மேல கார்பெட்ட ஒட்டுனா அப்புறம் பிளக் எதுக்கு? அலுமினியம் பாடின்னா கவலை இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. 1948ல வந்த முதல் லேண்ட் ரோவர்லயே பாடி அலுமினியம்தான், போர் முடிஞ்ச நேரம் ஸ்டீலுக்குத் தட்டுப்பாடு, ஆனா சேஸிஸும், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்க பல்க்ஹெட்டுங்கிற தடுப்பும் ஸ்டீல். ரெண்டும் தொடுற எடத்துல ஈரம் நின்னா ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆயி அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியா உதிரும், அங்க ஈரக் கார்பெட்டும் இருந்துட்டா அந்த பேட்டரிக்கு ஓய்வே கிடையாது.

கோவத்துல எல்லாத்தையும் பிய்ச்சுப் போட்டுட்டு, அழுகுன எடத்த வெட்டி பேட்ச் வெல்டிங், துரு சுரண்டல், எபாக்சி பிரைமர், ஜாயிண்ட்ல சீலர், மேல பெயிண்ட்டுனு முடிச்சு ஒரு வருஷம் அப்படியே ஓட்டுனேன். (வெறும் தகரம்னு பேச்சுக்குச் சொல்றதுதான், நெஜமாவே வெறுமையா விட்டா கொஞ்ச நாள்ல ஆரஞ்சு கலர் ஆயிடும்.) பாக்க அவ்ளோ அழகு. ஆனா கியர்பாக்ஸ் ஊளையிடுது, பக்கத்துல இருக்கவர்கிட்ட கத்தித்தான் பேசணும், கியர்பாக்ஸ மூடியிருக்க டனல் சூட்டுல இடது கால் வேகுது. எல்லாத்தையும் விட மோசம் குளிர் காலைல, நாலு பேர் விடுற மூச்சு கூரைத் தகரத்துல பட்டு வேர்த்து சொட்டு சொட்டா கழுத்துல விழுது. தண்ணிய ஒளிச்சு வைக்கக் கூடாதுன்னுதான் கார்பெட்ட எடுத்தேன், இப்ப கூரையே தண்ணி தயாரிக்குது!

அப்பதான் புரிஞ்சுது, மொத்த வண்டிக்கும் ஒரே பதில் தேடுனதுதான் தப்பு. கூரை வேற, ஃப்ளோர் வேற.

கூரைக்கு க்ளோஸ்டு செல் ஃபோம், அதாவது உள்ள இருக்க குமிழெல்லாம் தனித்தனியா மூடியிருக்க ஃபோம், நடுவுல காத்துக்கு இடம் விடாம அழுத்தி ஒட்டுனேன், மூச்சுக் காத்து தகரத்தத் தொடவே கூடாது. சாதாரண ஸ்பாஞ்சு வேண்டாம், அது தண்ணியக் குடிச்சிடும். கதவுக்கு ப்யூட்டைல் டேம்பிங் ஷீட். தகரம் அதிர்றத அடக்குறதுதான் அதோட வேலை, அதனால முழுசா மூடத் தேவையில்ல, நடுவுல கால்வாசி ஒட்டுனாலே தட்டிப் பாத்தா டொங்குனு கேட்டது தொப்புன்னு கேக்கும். கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டைய மட்டும் அடைச்சிடாதீங்க. தார் ஷீட் சீப்பா கிடைக்குதுன்னு போயிடாதீங்க, வெயில்ல இளகி நாறும்.

ஃப்ளோர்ல எதையும் ஒட்டல, ஒட்டவும் மாட்டேன். தடிமனான ரப்பர் மேட், ஃபோம மேட்டோட அடியிலயே ஒட்டிட்டேன், தூக்குனா மொத்தமா கையோட வந்துடும். ஸ்ப்ரே லைனர், அதாவது பெயிண்ட் மாதிரி அடிச்சா தடிமனா இறுகுற பூச்சு, அடிக்கலாம்னு நண்பர் ரொம்ப சொன்னாரு, கெட்டியாதான் இருக்கும், ஆனா எங்கயாவது ஒரு கீறல் வழியா ஈரம் உள்ள போயிட்டா அடியில துரு ஓடுறது கண்ணுக்கே தெரியாது, பேட்ச் போடணும்னா மொதல்ல அதச் சுரண்டணும். வேண்டாம்னுட்டேன்.

சத்தம் பாதிதான் கொறஞ்சிருக்கு, இப்பவும் ஹைவேல பாட்டு கேக்காது. ஒரு டிரெய்ன் பிளக்கு எங்கயோ விழுந்துடுச்சு, இப்போதைக்கு ஒரு கார்க் அடைச்சு வச்சிருக்கேன், தண்ணில எறங்குறப்பல்லாம் கண்ணு அது மேலயே போகுது.