அறுத்த வயலில் ஆட்டுக்கிடை: நாஞ்சில் நாட்டில் ஒரு பங்குனிப் பயணம்

மாசியில் நடக்கும் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த பிறகு நாஞ்சில் நாட்டைப் பார்க்க யாரும் வண்டி ஏறுவதில்லை. குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் விவேகானந்தர் பாறை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வயல் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் பச்சை இருக்கும்போதுதான் வருவார்கள். நான் போனது பங்குனியில், நெல் அறுத்த அடிக்கட்டையான தாளடி மட்டும் நிற்கும் நேரத்தில். அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதை, அதாவது எருவுக்காக மந்தையை ராத்திரி வயலில் அடைத்து வைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனேன்.

கால்நடையைக் கொண்டே மண்ணை மீட்பது பற்றி இப்போது உலகம் முழுக்கப் பேச்சு நடக்கிறது. பிரான்சின் நார்மண்டியில் மாடு வளர்த்த ஆந்த்ரே வுவாசான் 1950-களிலேயே ஒன்றைக் கவனித்துச் சொன்னார். ஒரு புல்வெளி கெடுவதற்கு அதில் எத்தனை மாடு மேய்ந்தது என்பதைவிட, எத்தனை நாள் தொடர்ந்து மேய்ந்தது, பிறகு புல்லுக்கு எவ்வளவு நாள் ஓய்வு கிடைத்தது என்பதுதான் முக்கியம் என்றார். கடித்த புல் மறுபடி துளிர்ப்பதற்குள் இன்னொரு கடி விழுந்தால் வேர் சுருங்கும். வேர் சுருங்கினால் மண் திறந்துபோகும், அடுத்த மழையில் அடித்துக்கொண்டும் போகும். அப்புறம் ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி இதை வறண்ட நிலங்களுக்கு எடுத்துப் போனார். கொடிய மிருகங்களுக்குப் பயந்து நெருக்கமாகக் கூடி, ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்த காட்டு விலங்குக் கூட்டங்களைப் போல வீட்டுக் கால்நடைகளையும் நடத்த வேண்டும் என்பது அவர் வாதம். இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு நம் ஊர்க் கிடைதான் கண்முன் வந்து நின்றது.

நாகர்கோவிலில் டவுன் பஸ் ஏறி பூதப்பாண்டிப் பக்கம் இறங்கினேன். வடக்கே தாடகை மலை வெயிலில் மங்கித் தெரிந்தது. சானலில், அதாவது பாசனக் கால்வாயில், தண்ணீர் இல்லை. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் 1-ல் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். இந்த நாட்டின் விவசாயமே அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. கன்னி மாதம், அதாவது புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதம், அதாவது மாசியில் அறுப்பது கும்பப்பூ. கும்பப்பூ அறுத்ததிலிருந்து மறுபடி தண்ணீர் வரும்வரை வயல் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில்தான் ஆடுகள் வருகின்றன.

நான் பார்த்த மந்தை நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே, காற்றாலைகளுக்கு அடியில் நடந்தே வந்திருக்கிறார்கள். எல்லாம் செம்மறி, கூட ஒரு சில வெள்ளாடு. பகலில் மேய்த்துவிட்டு வெயில் சாய்ந்ததும் பேசி வைத்த வயலுக்கு ஓட்டி வந்தார்கள். நான்கு பக்கமும் கம்பு ஊன்றி வலை கட்டினார்கள். குட்டிகளைக் கூடாப்பு என்ற கூடைக்குள் அடைத்தார்கள். தாய்கள் ஒரே சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, மந்தை முழுக்க நெருக்கிப் படுத்து அசைபோட ஆரம்பித்தது. நாய்கள் வலைக்கு வெளியே சுற்றி வந்தன.

விடிந்ததும் வலையைப் பிரித்தார்கள். நான் பார்க்க வந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. வலை இருந்த இடம் அப்படியே ஒரு சதுரமாகக் கறுத்துக் கிடந்தது. தாளடி எல்லாம் குளம்பு பட்டு மண்ணோடு மடங்கியிருந்தது. புழுக்கை விரிப்பு போலச் சீராக விழுந்திருந்தது, கையால் தூவினாலும் அவ்வளவு சீராக வராது. மண்ணைக் கிள்ளி எடுத்தால் விரலளவு ஆழத்துக்கு ஈரம், அவ்வளவும் மூத்திரம். பக்கத்தில் நேற்றைய சதுரம் வெளிறத் தொடங்கியிருந்தது. அதற்கு அடுத்த சதுரத்தில் வரப்போரமாக அறுகு துளிர் விட்டிருந்தது. வயலின் ஒரு மூலையிலிருந்து கிடை ராத்திரிக்கு ஒரு சதுரமாக நகர்ந்து வந்த வழி தெளிவாகத் தெரிந்தது.

வயல்காரருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். வரப்பில் குத்தவைத்து, "ஆட்டெரு அவ்வருசம், மாட்டெரு மறுவருசம்னு சொல்லுவாங்க, கேட்டியா தம்பி? ஆட்டுக்கிடை போட்ட வயல்ல இந்தக் கன்னிப்பூவிலேயே பலன் தெரியும்" என்றார். ரொம்பப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பயிர் மதமதன்னு வளந்து சாஞ்சிரும். பிறகு நோவும் சேந்து வரும். அளவு இருக்கு."

ஒரே இடத்தில் ரெண்டு ராத்திரி போட்டால் என்ன என்று மந்தைக்காரரிடம் கேட்டேன். "வயலுக்கும் ஆகாது, ஆட்டுக்கும் ஆகாது அண்ணாச்சி. ஈரத்துல கெடந்தா கால்ல புண்ணு வந்துரும். அதுக்குத்தான் தெனம் மாத்துதோம்" என்றார். அவருக்கு ஆட்டின் கால் முக்கியம், வயல்காரருக்கு எரு முக்கியம். இருவர் தேவையும் கிடையைத் தினமும் நகர்த்துவதில் வந்து சேர்கிறது. வுவாசான் பேசியது மேய்ச்சலை, இது எரு போடுவது. ஆனாலும் ஓரிடத்தில் தங்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் இரண்டுக்கும் உயிர்.

உழவு விஷயத்தில் வயல்காரர் அவசரப்பட்டார். கிடை நகர்ந்ததும் டிராக்டரை இறக்கி மேலோட்டமாக ஒரு சால் ஓட்டிவிட வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அதில் நல்ல விவரம் இருக்கிறது. மூத்திரத்தில் உள்ள யூரியா சீக்கிரமே அம்மோனியாவாக மாறி, வெயிலில் காற்றோடு போய்விடும். மண்ணுக்குள் போனால்தான் தழைச்சத்தாக நிற்கும். தொழுவத்திலிருந்து அள்ளிப் போடும் குப்பை எருவில் மூத்திரம் பெரும்பாலும் வீணாகிவிடுகிறது, கிடையில் அது நேராக வயலுக்கே வருகிறது. வண்டிச் சத்தமும் இல்லை, சுமக்கிற கூலியும் இல்லை. மண்ணுக்கு இவ்வளவு மலிவாக, இவ்வளவு முழுசாக ஊட்டம் தர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் கிடைக்கூலி நெல்லாக அளந்தார்களாம். இப்போது ராத்திரிக்கு இவ்வளவு என்று ரூபாய்தான். பேரம் நடக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். குரல் உயர்ந்தது, தணிந்தது, கடைசியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசியும் சேர்த்துத் தருவதாக முடிந்தது.

ஆனால் பத்து என்று இங்கே சொல்லும் அந்த வயல்வெளி முழுக்க நடந்து பார்த்தபோது மனது கனத்துப்போனது. நெல் வயலுக்கு நடுவே வாழை ஏறிவிட்டது. வாழைக்கு நடுவே தென்னை. ரோட்டோரத்தில் மண் அடித்து மேடாக்கி, கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். வாழை போடுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். நெல்லில் கைக்கு நிற்காத காசு வாழையில் நிற்கிறது. ஆனால் வாழைத் தோட்டத்துக்குள் மந்தையை விட முடியாது. தொடர்ச்சியாக அறுத்த வயல் கிடைத்தால்தான் மந்தைக்கு நடக்க வழி, மேய இடம். நடுவில் நாலு மனை விழுந்தால் வழி அறுந்துவிடுகிறது. "அஞ்சாறு வருசத்துக்கு முன்ன குளத்தங்கரை வழியா போவோம். இப்ப வேலி போட்டுட்டாங்க. ரோட்டுலதான் ஓட்டணும், லாரிக்காரன் நிப்பானா?" என்று மந்தைக்காரர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வாத்துக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவடை எந்திரம் சிந்திய நெல்லையும் வயல் சேறான தொளியில் கிடக்கும் நத்தையையும் புழுவையும் பொறுக்க வாத்துக்கூட்டம் வரும். ஈரம் காய்வதற்குள் வந்து போய்விடும். நான் போனபோது அவர்கள் தேரூர்ப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

அடுத்து மாவட்டத்தின் மேற்குக்குப் போனேன். மார்த்தாண்டத்திலிருந்து அருமனைக்குப் பஸ். இங்கே நிலமே வேறு. மேடும் பள்ளமுமான செம்மண், மழை அதிகம், எங்கும் ரப்பர். வீட்டைச் சுற்றி விளை. விளையில் தென்னை, மரச்சீனி என்கிற மரவள்ளி, பலா, ஓரத்தில் மண்ணை இழுத்துக் கட்டிய கையாலை. கையாலையின் மேல் பூவரசும் ஆடாதோடையும் நெருக்கமாக நட்டிருப்பார்கள். வேர் மண்ணைப் பிடிக்கும், தழை வெட்டி உரத்துக்கும் போடலாம். சரிவில் இறங்கும் மழைத் தண்ணீரைக் கையாலை தட்டுத் தட்டாக நிறுத்தி, மண்ணைப் போகவிடாமல் தண்ணீரை மட்டும் கீழே விடுகிறது.

பெரிய மந்தைக்கு இங்கே இடமில்லை. வீட்டுக்கு ஒரு மாடு, ரெண்டு ஆடு. ஒரு விளையில் வயதான அம்மா ஒருவர் ஆட்டை முளைக்குச்சியில் கட்டியிருந்தார். கயிறு எட்டும் வட்டத்துக்குள் புல் ஒட்ட மேய்ந்திருந்தது. வட்டத்துக்கு வெளியே முழங்கால் உயரம். கயிற்றை அவர் அளந்துதான் கட்டியிருக்கிறார். ஆடு கழுத்தை நீட்டினாலும் மரச்சீனி வரிசைக்கு ஒரு சாண் குறையும். "இலை தின்னா வயிறு ஊதிச் செத்துப்போவும் மக்கா. விஷம் உண்டு" என்றார். மரச்சீனியின் பச்சை இலையில் சயனைடு உண்டாகும் என்பது உண்மைதான். மத்தியானம் அவர் முளையைப் பிடுங்கிப் புதுப் புல்லில் அடித்தார். பழைய வட்டத்துக்குத் திரும்ப எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். "புல்லு மறுபடி பூக்கப் போவும்போ கொண்டு கெட்டுவேன். இப்பமே கெட்டுனா தரை வெளுத்துப் போவும்லா." அந்த ஒரு விளையில் மேய்ந்த வட்டம், துளிர்க்கும் வட்டம், வளர்ந்த வட்டம் என்று எல்லா நிலையும் சேர்ந்திருந்தன. பிறகு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்து, குடிக்க அக்கானியும் (பதநீர்) தந்தார். அந்த உபசரிப்பை மறக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேய்ச்சல் கரிமத்தை மண்ணில் பூட்டி, புவி சூடாவதையே திருப்பிவிடும் என்று சேவரி சொல்வதை அறிவியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. அது வறண்ட புல்வெளிக்காகச் சொன்னது. இரண்டு பருவமழையும் பெறும் குமரியில் அதைத் தூக்கி வைத்துப் பேசுவது சரியாகாது. இங்கே மேய்ச்சல் தப்பாகப் போன இடங்களும் இருக்கின்றன. கேட்பாரில்லாத பொத்தைகளில், அதாவது சிறு குன்றுகளில், ஆடு வருஷம் முழுக்க ஓய்வில்லாமல் மேய்ந்து, பாறையும் முள்ளும் மிஞ்சியிருப்பதைப் பார்த்தேன். மலைப்பக்கம் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்கு சரணாலயம். 2022-ல் சரணாலயங்களுக்குள் மேய்ச்சல் கூடாது என்று உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காட்டைக் காக்க அது வேண்டும்தான். ஆனால் மேலே கதவை அடைத்துவிட்டு, கீழே குளத்தங்கரைக்கும் வேலி போட்டால் மந்தை எங்கே போகும்?

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. எனக்குள்ள ஆசை சின்னதுதான். ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளை, பூதப்பாண்டி வரைக்கும் மந்தை நடந்து வந்த வழிகளை வரைபடத்தில் குறித்து, புறம்போக்காகக் காக்க வேண்டும். குளத்துக்கு வேலி போடும்போது ஆடு தண்ணீர் குடிக்க ஒரு துறையாவது விட வேண்டும். கோமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போடும்போது, வெளியூர் மந்தை என்று ஒதுக்காமல் அந்த ஆடுகளுக்கும் போட வேண்டும்.

போய்ப் பார்க்க நினைக்கிறவர்கள் மாசி பாதிக்குப் பிறகு, சானலில் தண்ணீர் வருவதற்குள் போங்கள். தாழக்குடி, பூதப்பாண்டி, தெரிசனங்கோப்புப் பக்கம் டீக்கடையில் கேட்டால் கிடை எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் வலை கட்டும்போதும், விடியற்காலையில் பிரிக்கும்போதும் இருந்து பாருங்கள். இருட்டிய பிறகு சொல்லாமல் கிடைக்குப் பக்கத்தில் போகக்கூடாது, நாய்கள் விடாது. ஆடு மிரண்டு வலையை அறுத்துக்கொண்டு ஓடினால் அந்த ராத்திரி முழுக்க அவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.