அப்பா கையில் தெரிந்த வெள்ளைக் கோடு

போன வருஷம் ஆடி மாசம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது கையில் ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம். அதில் அடிபடக்கூடாது என்று வலது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு வீங்கிப்போனது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எலும்பு டாக்டர், "உடையலம்மா" என்றார். ஆனால் ஃபிலிமைக் கீழே வைக்கவில்லை.

"டயாலிசிஸ் எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷம் சார்."

பேனா முனையால் காட்டினார். கட்டைவிரல் பக்கம், எலும்பை ஒட்டி, இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் தண்டவாளம் மாதிரி ஓடின. நாடி பிடித்துப் பார்ப்போமே, அந்த ரத்தக்குழாய். சாதாரணமாக எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியாது, சாயம் ஏற்றினால்தான் தெரியும். அப்பாவுக்குச் சும்மாவே தெரிந்தது. குழாயின் சுவரில் அவ்வளவு சுண்ணாம்பு.

"என்னட்டி சொல்லுதாரு?" என்று அப்பா கேட்டார். எலும்பு நல்லா இருக்காம்ப்பா என்றேன். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

கிட்னி, கிட்னி என்றே ஆறு வருஷம் ஓடியிருக்கிறோம். டயாலிசிஸில் இருப்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதயமும் ரத்தக்குழாயும்தான் என்பது அன்றைக்கு வரை என் மண்டையில் ஏறவில்லை. டயாலிசிஸில் இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு இதய நோயால் இறக்கும் ஆபத்து, மற்றவர்களில் 80 வயதைத் தாண்டியவருக்கு உள்ள அளவு என்று 1998-லேயே அமெரிக்கப் புள்ளிவிவரத்தை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, "கொழுப்பா இருக்கும், எண்ணெயைக் குறை" என்றார். கொழுப்பு அடைப்பும் இவர்களுக்கு வரும். ஆனால் அது குழாயின் உள்பக்கத்தில் படிவது. எக்ஸ்ரேயில் பார்த்தது சுவரின் நடு அடுக்கில், தசை இருக்கிற இடத்தில். கிட்னி வெளியேற்றாத பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கும்போது, அந்தத் தசை செல்களே எலும்பு செல் மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடுகின்றன. குழாயின் சுவருக்குள் எலும்பு கட்டுகிறது உடம்பு.

குழாய் விறைத்துப்போனால் என்ன ஆகும் என்பதை பி.பி. மெஷினிலேயே பார்க்கலாம். அப்பாவுக்கு 180/60 என்று காட்டும். கீழ் எண் குறைவாக இருப்பது நல்லதுதானே என்று நான் நிம்மதிப்பட்டதுண்டு. அது நல்லதில்லை. இதயம் சுருங்கும்போது குழாய் விரிந்து கொடுக்காததால் மேல் எண் ஏறுகிறது, விரிந்த குழாய் மறுபடி சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவதும் இல்லாததால் கீழ் எண் விழுகிறது. இதயத்தின் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அது ஓய்ந்திருக்கும் அந்தக் கணத்தில்தான். வேலையும் கூடி, சாப்பாடும் குறைந்த ஆள் மாதிரி ஆகிவிடுகிறது இதயம். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இடது கீழறையின் சுவர் 15 மில்லிமீட்டர் தடித்திருந்தது. 11-க்குள் இருக்கவேண்டியது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் பிறகு திங்கள் வரை உடம்பில் சேருகிற தண்ணீரின் சுமையும் அந்தச் சுவரின் மேல்தான் ஏறுகிறது. ஞாயிறு ராத்திரி மூச்சு முட்டாமல் படுக்க அப்பா இரண்டு தலையணை கேட்டால் எனக்கு வயிறு கலங்கும்.

இப்போது வருத்தத்தைச் சொல்கிறேன். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த செவலமர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது ரத்தத்துக்குள் போய் வேலை செய்வதில்லை. குடலில் சாப்பாட்டோடு கலந்து, அங்கேயே பாஸ்பரஸைப் பிடித்து வெளியே கொண்டுபோவது. சோற்றோடு விழுங்கினால்தான் பலன். முதலில் நாங்கள் போய்க்கொண்டிருந்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. அப்பா எல்லா மாத்திரையையும் சேர்த்து ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்முன் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷம். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

டயாலிசிஸ்தான் எல்லாவற்றையும் எடுத்துவிடுமே என்று நினைத்திருந்தேன். நாலு மணி நேரம் ஓடினால் சுமார் 800 முதல் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் வெளியேறும். சாதாரணச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கே அந்த அளவு இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் உடம்பில் ஏறிவிடும். வாரத்துக்கு மூன்று தடவை ஓடினாலும் கணக்கு நேராகாது.

பருப்பில் உள்ளது முழுக்க ஏறாது. பாக்கெட் சாமானில் சேர்க்கிற பாஸ்பேட்தான், அதாவது பாஸ்பரஸ் உள்ள சேர்மானம்தான், கிட்டத்தட்ட மொத்தமும் ஏறும். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் எண்ணாக இருக்கும்: 338, 339, 340, 341, 450, 451, 452. கறுப்புக் கோலாவில் இருப்பது 338. அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஸ்டேஜ் கணக்கு மாதிரி ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். நெத்திலிக் கருவாட்டை விடத்தான் அவருக்கு மனசு வரவில்லை. அதைக் கேட்கும்போது எனக்கு அழுகை வரும், கொடுப்பதில்லை.

இப்போது தட்டில் முதல் கவளத்துக்குப் பக்கத்தில் மாத்திரை இருக்கும். போன மாசம் பாஸ்பரஸ் 5.2, முன்பு 7.8. படிந்த சுண்ணாம்பு கரைந்துவிடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், மேலே ஏறாமல் பார்க்கலாம் என்றார். நேற்று கடையில் பேத்தி எடுத்த சீஸ் பாக்கெட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "முந்நூத்தி முப்பத்தொம்பது இருக்கு. இது உனக்கு, தாத்தாவுக்கு வேண்டாம்" என்று அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.