நான் கேட்ட வாய்தா

"பிப்ரவரியிலேயே விசாரணை நடந்திருந்தால் இந்த மூன்று பேர் போதுமாக இருந்திருக்கும், இல்லையா?" என்று எங்கள் கட்சிக்காரனின் அக்கா நீதிமன்றத் தாழ்வாரத்தில் என்னை நிறுத்திக் கேட்டார். "பிப்ரவரியில் உட்கார்ந்திருப்பது வேறு ஜூரி" என்றேன். "நான் ஜூரியைப் பற்றிக் கேட்கவில்லை, சட்டத்தைப் பற்றிக் கேட்டேன்" என்றார் அவர். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஃபுளோரிடாவில் மரண தண்டனை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்காகப் பழைய ஆவணங்களையும் சாட்சிகளையும் தேடிக் கொண்டுவருவது என் வேலை. ஊரையும் பெயர்களையும் இங்கே சொல்வதற்கில்லை. 2005இல், பொதுமக்களில் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியில், அவனுக்கு மரணம் விதிக்கலாம் என்று பத்துப் பேரும், வேண்டாம் என்று இரண்டு பேரும் வாக்களித்தார்கள். அந்நாளில் ஏழுக்கு ஐந்து என்றாலே போதும். 2016 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹர்ஸ்ட் வழக்கில் அந்த முறையைச் செல்லாது என்றது. அதே ஆண்டு அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொன்னால்தான் மரணம் என்றது. ஆனால் 2002 ஜூன் 24க்குப் பிறகு தண்டனை இறுதியானவர்களுக்கு மட்டுமே அந்தத் தீர்ப்பின் பலன் கிடைத்தது. அதற்கு முன்பே மேல்முறையீடு முடிந்துவிட்டவர்கள், ஜூரியில் ஐந்து பேர் எதிர்த்திருந்தாலும், இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எங்கள் ஆள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் பழைய தண்டனை ரத்தாகி, தண்டனையை மட்டும் புதிய ஜூரி முடிவு செய்யட்டும் என்று உத்தரவாயிற்று. முதலில் வழக்கமான இழுபறி, பிறகு கொரோனா என்று ஆண்டுகள் போய், ஒருவழியாக 2023 பிப்ரவரிக்கு நாள் குறித்தார்கள்.

அந்த ஜனவரியில்தான் வழக்கறிஞர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவனுடைய மூன்றாம் வகுப்பு ஆசிரியை இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். மே மாதத்துக்கு முன் பயணம் செய்ய முடியாது. காணொளியில் சாட்சியம் பதிந்துகொண்டால் போதுமா, அல்லது வாய்தா கேட்கலாமா? நேரில் வரட்டும் என்று சொன்னேன். அந்த அம்மையாரை இரண்டு முறை அவர் வீட்டில் சந்தித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பையன் மதிய உணவு ரொட்டியில் பாதியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொள்வான் என்பதையும், சனி ஞாயிறுக்கு வீட்டில் ஒன்றும் இருக்காது என்று புரிந்த பிறகு தன் மேசை இழுப்பறையில் பிஸ்கட் பொட்டலம் வைக்கத் தொடங்கியதையும், இல்லாத இழுப்பறையைக் கையால் இழுத்துக் காட்டியபடி அவர் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையைத் திரையில் காட்ட முடியாது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செய்தித்தாள் படிக்காமல் நான் அந்த யோசனையைச் சொல்லவில்லை. 2022 அக்டோபரில், பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கு ஒன்பது ஜூரர்கள் மரணம் கேட்டும், மூன்று பேர் மறுத்ததால் ஆயுள் தண்டனையே கிடைத்தது. கொல்லப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கொதித்துப் போயிருந்தார்கள். ஒருமனதாக இருக்க வேண்டும் என்ற விதியை மாற்ற வேண்டும் என்று ஆளுநர் டிசாண்டிஸ் வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்தார். மாநில உச்ச நீதிமன்றமும் 2020இலேயே தன் பழைய தீர்ப்பிலிருந்து பின்வாங்கியிருந்தது; ஒருமன விதியைக் காத்து நின்றது 2017இல் இயற்றிய சட்டம் மட்டுமே. இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனாலும் பேச்சு சட்டமாக ஓராண்டாவது ஆகும், அப்படியே சட்டமானாலும் நிலுவையில் உள்ள வழக்குகளுக்குப் பொருந்தாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏப்ரல் 20 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார்: எட்டுப் பேர் போதும். மறு விசாரணைகளுக்கும் அதுவே பொருந்தும் என்றாயிற்று.

ஜூனில் ஆசிரியை ஊன்றுகோலுடன் வந்து சாட்சி சொன்னார். இழுப்பறையைக் கையால் இழுத்தும் காட்டினார். மறுநாள் மாலை குமாஸ்தா படித்த தீர்ப்புப் படிவத்தில், ஆதரவு என்ற கோட்டின் மேல் 9 என்று எழுதி, அதே எண்ணின் மேல் பேனாவை இன்னொரு முறை ஓட்டி அழுத்தியிருந்தார்கள். எதிர்ப்பு 3. (ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால், "அது இருக்கட்டும், ஜட்ஜ் என்ன சொன்னார்?" என்றுதான் கேட்கிறார்கள். எட்டு வாக்கு கிடைத்த பிறகும் நீதிபதி ஆயுள் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் நீதிபதி மரணமே விதித்தார்.)

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு, இப்போது மூன்று. என் உழைப்பெல்லாம் சேர்ந்து ஒரே ஒருவரின் மனத்தை மாற்றியிருக்கிறது என்று கணக்கிடலாம். பிப்ரவரியாக இருந்திருந்தால் அந்த ஒருவர்கூடத் தேவைப்பட்டிருக்க மாட்டார், 2005இன் இருவரில் ஒருவரைப் போன்ற ஒரு ஆள் இருந்திருந்தாலே போதும். மறுபுறம், ஆசிரியை இல்லாத விசாரணையில் பன்னிரண்டும் எதிராக விழுந்திருந்தால், நேரில் அழைத்து வராததற்காக இதே தாழ்வாரத்தில் இதே அக்கா என்னைக் கேட்டிருப்பார். இந்த வாதம் இரவில் எனக்குத் திருப்தியாக இருக்கிறது, காலையில் இருப்பதில்லை. ஏனென்றால் அவர் கேட்டது ஆசிரியையைப் பற்றி அல்ல. கொலையுண்டவரின் மகளும் அதே தாழ்வாரத்தின் மறுகோடியில்தான் நின்றிருந்தார். 2005இலிருந்து அவரும் எத்தனை வாய்தாக்களைப் பார்த்திருப்பார் என்பதை நான் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன், அதுவும் என் சங்கடத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வதற்காக.

போன மாதம் வேறொரு வழக்கில், சிறுவயதில் தலையில் பட்ட அடி பற்றிய மருத்துவமனைப் பதிவு ஆறு வாரத்தில் கிடைக்கும் என்று தகவல் வந்தது. வாய்தா கேட்கலாமா என்று வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். மாநிலத் தலைநகர் டலஹாசியில் சட்டமன்றம் கூடும் நாளை முதலில் பார்த்தேன். பிறகு, கேட்கலாம் என்றேன்.